எப்பவும் போலத்தானா?

...இல்லை என்றுதான் சொன்னேன், மயக்கம் போட்டாரா என்று வாசல் மேசையில் இருந்த நர்ஸ் கேட்டு முடிப்பதற்குள் இல்லை என்று சொல்லிவிட்டேன், வாந்தி எடுத்தாரா, இல்லை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, இல்லை, வயது, அறுபத்திரண்டு, எப்படி விழுந்தார், ஸ்டூலில் ஏறித் திரைச்சீலைக் கம்பி மாட்டும்போது பின்பக்கமாக விழுந்தார், பின்மண்டை தரையில் பட்டது... டாண் டாண் என்று பதில், கேள்வி பாதி வரும்போதே பதில், நர்ஸுக்கு ஒரே சந்தோஷம், எல்லாரும் இப்படிச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சிரித்தபடியே எழுதிக்கொண்டாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் கேட்க விட்டால்தானே. இதில் கொடுமை என்னவென்றால் அவர் விழுந்தபோது நான் அந்த அறையிலேயே இல்லை.

அடுத்த அறையில் என் தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அவள் மாடி வீட்டுக்காரிக்கும் தண்ணீர் மோட்டார் சண்டை, அது மூன்று மாதமாக ஓடுகிறது, இன்றைக்குத்தான் உச்சகட்டம், அவள் சொல்லச் சொல்ல நான் நடுவில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் தடால் என்று ஒரு சத்தம். கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஸ்டூல் சாய்ந்திருக்கும் என்று நினைத்தேன், "என்னங்க, மெதுவா!" என்று இங்கிருந்தே கத்திவிட்டு, அப்புறம் என்னடி சொன்னா அவ, என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். எவ்வளவு நேரம்? ஒரு நிமிடமா, நாலு நிமிடமா? போனை எடுத்துப் பார்த்தேன், பேச்சு ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது என்று இருக்கிறது, சத்தம் எப்போது கேட்டது என்று அதில் எங்கே இருக்கும்... நான் போனபோது அவர் தரையில் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விழுந்ததிலிருந்து உட்கார்ந்துதான் இருந்தாரா, இல்லை நினைவு தப்பிக் கிடந்து பிறகு எழுந்து உட்கார்ந்தாரா, யாருக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர், பதினெட்டு மாடிக் குழிக்குள் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தவர், ஒரு சிராய்ப்பு கிடையாது, என் வீட்டு ஸ்டூலில் இருந்து விழுந்தார். அந்தக் கம்பியை மாட்டுங்கள் மாட்டுங்கள் என்று ஒரு வாரமாக நச்சரித்தது வேறு யார், நான்தான்.

ஆனால் நர்ஸிடம் ஏன் இல்லை என்று சொன்னேன்? பயத்திலா? வெட்கத்திலா? இல்லை, அதெல்லாம் அப்புறம் சேர்ந்தது, முதலில் வந்தது பழக்கம். பேருந்து நிலையத்தில் விசாரணை கவுண்டரில் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், கண்ணாடி ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் வரும், "இந்த..." என்று ஆரம்பிக்கும், மூட்டையைப் பார்த்தாலே தெரியும் எந்த ஊர் என்று, மூன்றாவது நடைமேடை, பதினைந்து நிமிடத்தில், அடுத்த ஆள். வரிசை அவ்வளவு நீளம், ஒவ்வொருவரும் கேட்டு முடிக்கும் வரை காத்திருந்தால் வண்டி போய்விடும். இதை நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் எனக்கு ரேடியோ என்று பேர் வைத்தாள், அப்பாவுக்குச் சாமி, மௌனச்சாமியில் பாதி. அப்பாவிடம் ஒரு கேள்வி போட்டால் அம்மாவிடமிருந்து பதில் வரும் என்பாள். காபியா டீயா என்று யாராவது கேட்டால் அவர் என்னைத்தான் பார்ப்பார், நான் டீ என்பேன், அவர் குடிப்பார். அவருக்கு டீதான் பிடிக்கும்... பிடிக்கும்தானே?

டாக்ஸியில் வரும்போது நான் பேசவில்லை. அதுதான் அதிசயம். அவர் பின்மண்டையில் துண்டை வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன், உள்ளங்கைக்குக் கீழே ஒரு வீக்கம், எலுமிச்சம்பழம் அளவுக்கு, சூடாக, அதைத் தொட்டதும், வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது அவர் பேசினார். "நீ காலைல எதுவுமே சாப்பிடலையே" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன், டிரைவரிடம் சொல்கிறாரோ என்று. இருபத்தெட்டு வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை, சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டதில்லை. அதோடு நிற்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் நிற்கும்போது மேலே ஒவ்வொரு மாடியிலும் பேசுவது கேட்கும் என்றார், யார் என்று தெரியாது, குரல் மட்டும் வரும் என்றார், அதில் உன் குரல் மாதிரி ஒன்று வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன் என்றார். எனக்குக் குலை நடுங்கியது. சந்தோஷப்பட வேண்டியதற்கு எந்தப் பெண்டாட்டியாவது குலை நடுங்குவாளா? மண்டையில் அடிபட்ட ஒரு மணி நேரத்தில் சொன்னால் நடுங்கத்தான் செய்வாள்.

அப்புறம் சொன்னதுதான் இன்னும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்யாணமாகி நாலைந்து மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் பேருந்து நிலையத்துக்கு வந்தாராம், என்னை எங்காவது கூட்டிக்கொண்டு போகலாம் என்று, உள்ளே வர வெட்கப்பட்டு வரிசையில் நின்றாராம். அரை மணி நேரம். அவர் முறை வந்ததும் கண்ணாடி ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து "இந்தாம்மா" என்று ஆரம்பித்திருக்கிறார், நான் தலையை நிமிர்த்தாமலேயே நாலாவது நடைமேடை, பத்து நிமிடம், அடுத்த ஆள் என்றேனாம். "நான் நாலாவதுல போயி நின்னேன்" என்றார், "பஸ் வந்துச்சு. ஏறல." அவ்வளவுதான், டாக்ஸி ஆஸ்பத்திரி வாசலில் திரும்பிவிட்டது. இது நடந்ததா? எனக்கு நினைவே இல்லை. எப்படி இருக்கும், நான்தான் நிமிர்ந்தே பார்க்கவில்லையே. நடந்திருந்தால் ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை... நடக்கவில்லை என்றால் அவர் மூளை ஏன் இப்படி ஒரு கதையைக் கட்ட வேண்டும்?

டாக்டர் சின்னப் பெண், என் மகளை விட ஒன்றிரண்டு வயது கூட இருப்பாள், கண்ணில் களைப்பு, ஆனால் பொறுமைசாலி. திரைத்துணி போட்ட ஒரு சின்னத் தடுப்பில் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துக் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள், என் விரலை இறுக்கிப் பிடியுங்கள் என்றாள், காலைத் தூக்குங்கள் என்றாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள், நான் வாயைத் திறந்தேன், "அம்மா, நீங்க சொல்லக் கூடாது, அவர்தான் சொல்லணும்" என்றாள். அவர் சொன்னார். மாதம், வருடம், இது என்ன இடம், எல்லாம் சரி. பிறகு என் பக்கம் திரும்பி விளக்கினாள், தலையில் அடிபட்டு வருகிற எல்லாருக்கும் சி.டி. ஸ்கேன் எடுப்பதில்லை, அதில் கதிர்வீச்சு இருக்கிறது, நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, வயதும் அறுபத்தைந்துக்குக் கீழே, கை கால் பலமாக இருக்கிறது, அப்படியானால் ஸ்கேன் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பிக் கவனிக்கச் சொல்லலாம் என்றாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க சொல்லணும். அவரை எங்களுக்கு இப்பத்தான் தெரியும், உங்களுக்குத்தான் எப்பவும் தெரியும். எப்பவும் போல இருக்காரா?"

எப்பவும் போல இருக்காரா. ஐயோ, முப்பது வருடத்தில் எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று வந்தது என்றால் அது இதுதான். வண்டி எப்போது என்றால் சொல்லிவிடுவேன். எப்பவும் போல என்றால் என்ன, எப்பவும் இவர் எப்படி இருந்தார், பேசாமல் இருந்தார், சரி, பேசாமல் இருக்கும்போது உள்ளே என்ன ஓடியது என்று எனக்குத் தெரியுமா, தெரிந்தால்தானே மாறிவிட்டதா என்று சொல்ல முடியும். நர்ஸ் எழுதின தாள் டாக்டர் கையில் இருந்தது, அதில் நினைவு தப்பவில்லை என்று என் வாய்தான் எழுதியிருக்கிறது. ஆமாம், எப்பவும் போலத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம், போய், சாயங்காலம் தலைக்குள் ரத்தம் கட்டி இவர் என் கையிலேயே போய்விட்டால்? இல்லை என்றால்... இல்லை என்றால் எதை வைத்துச் சொல்வது? என்ன அறிகுறி என்று கேட்டால், என் வீட்டுக்காரர் என்னிடம் அன்பாகப் பேசுகிறார் டாக்டர் என்றா சொல்வது?

அப்படியேதான் சொன்னேன். வெட்கம் மானம் எல்லாம் விட்டுச் சொன்னேன். "டாக்டர், அவர் விழுந்தப்ப நான் பக்கத்துல இல்ல. போன் பேசிட்டிருந்தேன். சத்தம் கேட்டும் உடனே போகல. மயக்கம் போட்டாரா இல்லையான்னு எனக்கு நெசமாத் தெரியாது, நானா இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற வாயா இது. "இன்னொண்ணு டாக்டர், இவர் பேசவே மாட்டாரு. இன்னைக்கு நிறுத்தாமப் பேசுறாரு. சாப்பிட்டியான்னு கேக்குறாரு. பழைய கதை ஏதோ சொல்றாரு, அது நடந்ததான்னே எனக்குத் தெரியல. இது இவரே இல்ல டாக்டர், எனக்குப் பயமா இருக்கு." டாக்டர் சிரிக்கவில்லை, அந்தப் புண்ணியம் அவளுக்கு, தாளில் ஏதோ அடித்துத் திருத்தி எழுதினாள், அவர் பக்கம் குனிந்து, "சார், விழுந்ததுக்கும் உங்க வீட்டம்மா வந்ததுக்கும் நடுவுல நடந்தது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே, "சரியாத் தெரியல" என்றார். "ஸ்கேன் எடுத்துரலாம்" என்றாள் டாக்டர்.

ஸ்கேன் அறை வராந்தாவின் கடைசியில். முன்னால் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பையனை எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவன் அம்மாவும் நானும் ஒரே பெஞ்சில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கள் முறை வந்ததும் ஸ்கேன் எடுப்பவர் கண்ணாடி, கைக்கடிகாரம், பல் செட்டு இருந்தால் அதையும் கழற்றச் சொன்னார், "பல்லு சொந்தப் பல்லுதான்" என்று நான் சொன்னேன், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன், இதையாவது அவர் சொல்லியிருக்கலாம். கண்ணாடியையும் கடிகாரத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கனமான கதவு, மேலே சிவப்பு விளக்கு. கதவு சாத்துவதற்குள் ஒரு வளையத்துக்குள் அவர் தலை போவதைப் பார்த்தேன், தலை அசையாமல் இருக்க நெற்றியில் பட்டை போட்டிருந்தார்கள், பாதம் மட்டும் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, அவசரத்தில் ஒரு சாக்ஸை நான் உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டியிருக்கிறேன். ஐந்து நிமிடம்தான் என்றார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் நான் என்ன வேண்டிக்கொண்டேன்? எதுவும் இருக்கக் கூடாது என்றுதான், சத்தியமாக அதுதான். ஆனால் வேண்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு நினைப்பு குறுக்கே வந்தது, சனியன் பிடித்த நினைப்பு... படத்தில் ரத்தம் தெரிந்தால் டாக்ஸியில் பேசியது ரத்தம், தெரியாவிட்டால் பேசியது இவர். இவர் என்றால் இருபத்தெட்டு வருடமாக இவ்வளவும் உள்ளே இருந்திருக்கிறது. நான் எதை வேண்டுவது என்று புரியாமல் கடிகாரத்தின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. நான் டாக்டரிடம் சொன்னபோது அவர் அங்கேதானே படுத்திருந்தார். ஒரு முழம் தள்ளி. இது இவரே இல்லை டாக்டர்... அது அவர் காதில் விழுந்திருக்கும், விழாமல் எப்படி இருக்கும், மாடி மாடியாகப் பேசுவதையெல்லாம் கேட்ட காது. சாப்பிட்டியா என்று கேட்டதற்கு இவள் நம்மை மிஷினுக்குள் அனுப்பினாள் என்று நினைத்திருப்பாரோ? நான் உயிருக்குப் பயந்துதானே சொன்னேன். அது அவருக்குப் புரிந்திருக்குமா? புரியும்படி நான் எதையாவது சொன்னேனா?

ரிப்போர்ட் வந்துவிட்டது. ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை, நல்ல படம் என்றாள் டாக்டர், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் நாலு மணி நேரம் இங்கேயே இருக்கட்டும் என்றாள், நினைவு தப்பினாரா என்று உறுதியாகத் தெரியாததால், சில பேருக்கு ரத்தக்கசிவு தாமதமாகவும் வரலாம், தூக்கக் கலக்கம், பேச்சு குறைவது, கேள்விக்குப் பதில் சொல்ல நேரமாவது, இதில் எது தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள். பேச்சு குறைவதா? இந்த அம்மா யாரிடம் என்ன சொல்கிறாள்... ஸ்கேன் அறையிலிருந்து வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியை மாட்டிவிட்டேன், "ம்" என்றார். தண்ணீர் வேணுமா என்றேன், "ம்". வலிக்குதா, தலையை ஆட்டினார், இல்லை என்றா ஆமாம் என்றா தெரியவில்லை. எதிர்ச் சுவரில் கை கழுவும் முறை பற்றிப் படம் ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எப்பவும் போல் ஆகிவிட்டாரா, கோபமா, இல்லை டாக்டர் சொன்ன அந்தத் தாமதமா? மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மகள் கூப்பிட்டாள், அப்பாவிடம் போனைக் குடு என்றாள், கொடுத்தேன். அவள் என்னென்னவோ கேட்டாள், இவர் "ம்", "சரி", "ம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான்மா இருக்காரு, எப்பவும் போலத்தான் பேசுறாரு, நீ சும்மா பயந்து சாகாத" என்றாள் அவள். எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. டாக்ஸியில் இருந்த மனிதரை அவளுக்குத் தெரியாதே. நான் சொல்லிப் பார்க்கலாம் என்று அவர் பக்கம் குனிந்தேன், என்னங்க, நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க, எனக்கு வேற வழி தெரியல, அந்த பஸ் ஸ்டாண்ட் கதை நெசமா, நெசம்னா ஏன் உள்ள வரல... எல்லாம் தொண்டை வரை வந்தது. கேட்டால் நானே பதிலையும் சொல்லி முடித்துவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது, அவர் போர்வையை இழுத்துவிட்டேன். அவர் ஒரு தடவை வாயைத் திறந்தார், ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தடுப்பில் யாரோ இரும, மூடிக்கொண்டார்.

நாலு மணி நேரம் முடிந்து டாக்டர் வந்தாள். அனுப்புவதா, இங்கேயே வைத்துக்கொண்டு இன்னொரு ஸ்கேன் எடுப்பதா என்று இப்போது முடிவு செய்ய வேண்டும் என்றாள். டார்ச் அடித்தாள், விரலைப் பிடிக்கச் சொன்னாள், எல்லாம் சரி. பிறகு பேனாவைத் திறந்துகொண்டு என் பக்கம் திரும்பினாள், "இப்ப எப்படிம்மா? எப்பவும் போல இருக்காரா?" பதில் நாக்கு நுனியில் நின்றது, ஆமாம் என்று ஒன்று, இல்லை என்று ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில். இரண்டையும் விழுங்கினேன், "அவரையே கேளுங்க டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவள் கட்டில் பக்கம் திரும்பி, "சொல்லுங்க சார், எப்படி இருக்கீங்க? உங்களுக்கு ஏதாவது வித்தியாசமாத் தெரியுதா?" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், வழக்கம்போல, நான் சொல்லிவிடுவேன் என்று. நான் சொல்லவில்லை. ஒரு நொடி போனது, இரண்டு, ஐந்து, டாக்டரின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது, பதில் சொல்ல நேரமாவது என்று சொன்னாளே, எண்ணுகிறாளோ, பத்து நொடி இருக்குமா... டாக்டர், இவர் எப்பவும் இப்படித்தான், பதில் சொல்ல நேரமாகும் என்று கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் ஆகுமா? இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இந்த மனிதருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவு நேரம் நான் ஒரு தடவைகூடக் காத்திருந்ததில்லை. டாக்டர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இரண்டு கைகளாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.